செடி காட்டும் வீடு

(ஒரு குடியிருப்பின் நூலகத்தில் ஞாயிறு மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வரும்போது படிக்கட்டில் ஒரு தம்பி என்னை நிறுத்திக் கேட்டார்: “டீச்சர், ராத்திரியிலும் ஆக்சிஜன் தருகிற செடி எது? குழந்தை படுக்கிற அறையில வைக்கணும்.” முப்பது ஆண்டுகள் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த முப்பது ஆண்டுகளில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. இப்போது எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான். குழந்தைமேல் உள்ள அக்கறையில் பிறந்த கேள்வி. அதனால் அதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஏறத்தாழ 28,000 லிட்டர் காற்று இருக்கிறது. அதில் 21 விழுக்காடு ஆக்சிஜன். கிட்டத்தட்ட 6,000 லிட்டர். நம்மில் ஒருவருக்கு ஒரு நாள் முழுக்கச் செலவாகும் ஆக்சிஜன் சுமார் 550 லிட்டர்தான். இந்தக் கணக்கில் கட்டில் ஓரத்துத் தொட்டி ஒன்று தருவது கடலில் கரைத்த பெருங்காயம். பாம்புக் கற்றாழையும் சோற்றுக் கற்றாழையும் இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்கின்றன என்பது உண்மை. வறண்ட நிலத்தில் பிறந்தவை அவை; பகலில் துளையைத் திறந்தால் உடம்பிலுள்ள நீர் போய்விடும். ஆனால் ஆக்சிஜன் உண்டாவது வெளிச்சத்தில்தான். விளக்கணைத்த அறையில் எந்தச் செடியும் ஆக்சிஜன் தயாரிப்பதில்லை. துளசி இரவில் ஓசோன் விடுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும் அப்படித்தான். ஓசோன் நுரையீரலைப் புண்படுத்தும் வாயு. துளசியின் பெருமைக்கு அந்தப் பொய் தேவையே இல்லை.

இதற்கு நேர் எதிரான பயமும் சிலருக்கு உண்டு. செடி இரவில் கரியமில வாயுவை விடும், அறையில் வைத்தால் ஆபத்து என்பார்கள். அதுவும் வேண்டாம். பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் விடும் மூச்சோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

நர்சரிகளில் “காற்றைச் சுத்தம் செய்யும் செடி” என்று அட்டை மாட்டி விற்கிறார்களே, அதற்கு மூலம் ஒன்று இருக்கிறது. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக வோல்வர்ட்டன் என்ற அறிவியலாளர் ஓர் ஆய்வு செய்தார். காற்றுப் போக வழியில்லாத பெட்டிக்குள் செடியை வைத்தார். பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களை உள்ளே விட்டு, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். குறைந்தது. ஆய்வில் தவறில்லை. விண்கலம் போன்ற அடைத்த கூட்டுக்குள் மனிதர் வாழ்வதைப் பற்றி யோசித்தவர்களின் ஆய்வு அது. நம் வீடு அடைத்த பெட்டியா? கதவிடுக்கிலும் ஜன்னலிலும் காற்று வந்து போய்க்கொண்டே இருக்கிறது. 2019-இல் டிரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வேரிங் இருவரும் இப்படிப்பட்ட 12 ஆய்வுகளின் 196 சோதனை முடிவுகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று வந்தது. காடு வளர்த்தால்தான் உண்டு, குடியிருக்க இடமிருக்காது.

ஆகவே கொசுவத்திப் புகைக்கும் தாளிப்புப் புகைக்கும் புதுப் பெயின்ட் வாடைக்கும் மருந்து ஜன்னலைத் திறப்பது. சமையலறையில் வெளியேற்றும் விசிறியைப் போடுவது. அந்த வேலையைச் செடியின் தலையில் கட்டாதீர்கள்.

வரலாறு இன்னும் வலுவாகவே இதைச் சொல்கிறது. லண்டனின் கிழக்குப் பகுதியில் நதானியேல் வார்டு என்று ஒரு மருத்துவர் இருந்தார். பெரணி வளர்க்க ஆசை. நகரத்தின் நிலக்கரிப் புகையில் பெரணிகள் ஒவ்வொன்றாகக் கருகின. 1829-இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வைத்தார், பூச்சி வெளிவருவதைப் பார்க்க. புட்டிக்குள் ஒரு பெரணி முளைத்தது. வெளியே சாகிற பெரணி உள்ளே தழைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் வார்டியன் பெட்டி என்ற கண்ணாடிப் பேழை. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்ததும் அந்தப் பேழைகளில்தான். நான் சொல்ல வருவது வேறு. லண்டன் காற்றைச் செடி தூய்மையாக்கவில்லை. லண்டன் காற்று செடியைக் கொன்றது. செடி நமக்கு வேலைக்காரன் அல்ல. நம் வீடு எப்படி இருக்கிறது என்று காட்டுகிற உயிர். ஓர் அறையில் வைத்த செடி மெலிந்து, ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டி, இலை வெளுத்து நிற்கிறதென்றால் அந்த அறைக்கு வெளிச்சம் போதவில்லை என்று அது சொல்கிறது. அதே அறையில்தான் குழந்தையை மணிக்கணக்கில் உட்காரவைத்து வீட்டுப்பாடம் எழுதச் சொல்கிறோம்.

கும்பகோணம் பக்கத்தில் என் அத்தை வீடு. வாசலில் பவழமல்லி, முற்றத்தில் துளசி மாடம், கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழை, கொல்லையில் முருங்கை. கூரைக்குக் கீழே ஒரு செடிகூடக் கிடையாது. தேவைப்படவில்லை, ஏனென்றால் வீட்டின் நடுவிலேயே வானம் இருந்தது. மழையும் வெயிலும் முற்றம் வழியாக வந்து போயின. செடியை அறைக்குள் வைத்து வளர்ப்பது பனி கொட்டும் நாடுகளில் வேரூன்றிய பழக்கம். வெளியே விட்டால் உறைந்து சாகும் என்பதால் உள்ளே கொண்டுவந்தார்கள். நமக்கு உறைபனி இல்லை. ஆனால் அடுக்குமாடி நம் முற்றத்தை எடுத்துக்கொண்டது. அதனால் இன்று நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எந்தச் செடி வாங்கலாம்?” என்பதல்ல. “என் வீட்டில் வானம் எங்கே தெரிகிறது?” என்பதுதான்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கண் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றும். நண்பகல் வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். வீட்டின் நடுக்கூடத்தில் பகலிலேயே அது சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நூறு மடங்குக்கு மேல் குறைவு. நம் கண்ணின் பாவை விரிந்து சமாளித்துக்கொள்வதால் “நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது” என்கிறோம். இலைக்கு அந்த வசதி கிடையாது. கருவி எதுவும் வேண்டாம். காலை பத்து, பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, செடி வைக்க நினைக்கிற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். தாளுக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிகிற கூர்மையான நிழல் விழுந்தால் வெளிச்சம் மிகுதி. விளிம்பு கலங்கிய நிழலென்றால் நடுத்தரம். இலைச்செடிகள் பலவும் அங்கே நன்றாக இருக்கும். நிழலே விழவில்லையென்றால் அந்த இடத்தில் படம் மாட்டுங்கள். செடி வேண்டாம்.

இன்னொன்று. ஆங்கிலத் தோட்ட நூல்களில் “தெற்கு ஜன்னலில் வெயில் அதிகம், வடக்கு ஜன்னலில் வெயிலே வராது” என்றிருக்கும். லண்டனுக்கு அது சரி. சென்னைக்கு அப்படியே பொருந்தாது. சித்திரை மாதம் பத்துத் தேதிவாக்கில் நண்பகல் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. கம்பத்துக்கு நிழலே விழாத நாள் அது. அதன்பின் வடக்கே நகர்ந்து, ஆவணி பிறக்கும்போது மறுபடி உச்சிக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கில் இருக்கிறது. அப்போது வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். தெற்கு பால்கனி நிழலாகக் கிடக்கும். மார்கழியிலும் தையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து, தெற்கு ஜன்னல் வழியாகக் கூடம்வரை வெயில் நீளும். நம் முன்னோர் உத்தராயணம், தட்சிணாயனம் என்று பிரித்துச் சொன்னதை உங்கள் வீட்டுத் தரையிலேயே பார்க்கலாம். எனவே ஒரு தொட்டிக்கு ஆண்டு முழுவதும் ஒரே இடம் என்று வைக்காதீர்கள். மேற்கு ஜன்னலை மட்டும் சித்திரை வைகாசியில் நம்பாதீர்கள். பிற்பகல் வெயில் கண்ணாடி வழியே வந்து மெல்லிய இலையைப் பொசுக்கிவிடும்.

நர்சரியில் வீட்டுக்குள் வைக்க என்று தருகிற செடிகளை வரிசையாகப் பாருங்கள். மணிபிளான்ட், அக்லோனிமா, சிங்கோனியம், டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி, இசட் இசட் செடி. இவை அனைத்தும் ஒரே குடும்பம். நம் சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் அந்தக் குடும்பம்தான். இவற்றில் பெரும்பாலானவை வெப்பமண்டலக் காட்டில் பெரிய மரங்களின் நிழலில் பிறந்தவை. தலைக்கு மேலே பல அடுக்கு இலை. சல்லடையில் சலித்த வெளிச்சம். அந்த வாழ்க்கைக்குப் பழகியதால் நம் அறையையும் பொறுத்துக்கொள்கின்றன. பொறுத்துக்கொள்வது வேறு, மகிழ்ந்து வாழ்வது வேறு. ரோஜாவையும் செம்பருத்தியையும் துளசியையும் அறைக்குள் வைத்துவிட்டு “என் கை ராசியில்லை” என்று வருந்துகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! கையில் குறையில்லை. அவை வெயிலில் பிறந்தவை, அவ்வளவுதான்.

சேனை நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதற்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி வடிவப் படிகங்கள். அதே ஊசிகள் மணிபிளான்டிலும் டிஃபன்பேக்கியாவிலும் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஒன்றரை வயதுக் குழந்தை டிஃபன்பேக்கியா இலையைக் கடித்துவிட்டது. நாக்கும் உதடும் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல் அலறியது. மருத்துவரிடம் கொண்டு ஓடினார்கள், பிழைத்தது. அந்தத் தாய்க்கு அது நச்சுச் செடி என்று விற்றவர் ஒருவரும் சொல்லவில்லை. தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் இந்தக் குடும்பத்துச் செடி எதையும் தரைமட்டத்தில் வைக்காதீர்கள். அரளியை வீட்டுக்குள்ளேயே சேர்க்க வேண்டாம்.

இனி தண்ணீர். வீட்டுக்குள் தண்ணீர் இல்லாமல் செத்த செடிகளைவிடத் தண்ணீரால் செத்த செடிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு நடுவே காற்று நிற்கும் இடத்தையெல்லாம் நீர் அடைத்துக்கொண்டால் வேர் திணறி அழுகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. இலை தொங்கும். தொங்குகிற இலையைப் பார்த்து, பாசத்தில் இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம். இப்படித்தான் முடிகிறது. சுட்டுவிரலை மண்ணில் இரண்டு கணு அளவுக்கு விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் திரும்பிப் போங்கள். தட்டவில்லையென்றால் அடித்துளை வழியே வழியும்வரை நன்றாக ஊற்றுங்கள். தினம் ஒரு கரண்டி என்ற கணக்கு செடிக்குத் தெரியாது. ஆடியில் காற்று அடிக்கும்போது ஒரு தேவை, ஐப்பசி அடைமழையில் ஒரு தேவை.

தொட்டிக்கு அடியில் கூழாங்கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று நானும் வெகுகாலம் நம்பி, மாணவிகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு. பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் முக்கி, தட்டையாகக் கையில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதையே செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடினால் நீர் இறங்குகிறது. தொட்டி மண்ணும் அப்படித்தான். நீர் வடிந்து முடிந்த பிறகும் மண்ணின் அடிமட்டத்தில் ஒரு சேற்றுப் படலம் நிற்கும். கல்லைப் போட்டால் அந்தப் படலம் கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கிறது. கல்லுக்குப் பதில் ஆழமான தொட்டி, அடியில் ஓட்டை, ஓட்டையை மூட ஓர் ஓட்டுத்துண்டு போதும். மண்ணை மட்டும் தளர்வாகக் கலந்துகொள்ளுங்கள். செம்மண், தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் ஆற்று மணல். தென்னை நார்க் கழிவு நீரை அதிகம் பிடித்து வைக்கும் என்பதால் அறைக்குள் வைக்கும் தொட்டிக்கு அதைக் குறைத்தே போடுங்கள். அழகான பீங்கான் தொட்டியில் ஓட்டை இல்லையென்றால் அதில் நேராக நடாமல், பிளாஸ்டிக் தொட்டியோடு செடியை உள்ளே இறக்கி வையுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. நல்ல மனம்தான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்து இலை நுனி பழுப்பாகக் கருகும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. அலங்காரச் செடிகளுக்கு அது நல்லது.

தண்ணீர் என்றதும் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. தெளிந்த, அசையாத நீரைத் தேடுகிறது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டும், மணிபிளான்ட் வைத்த பாட்டிலும் அதற்கு அரண்மனை. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையிடுகிறது. நீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை போகாது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். எந்தக் கிழமை என்று குறித்துக்கொண்டு செய்யுங்கள். இது செடிக்காக அல்ல. உங்கள் பிள்ளைக்காக, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக.

மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பெருகிவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். அது போதும்; படுக்கை அறைக்குள் கடையில் விற்கும் பூச்சிமருந்து வேண்டாம்.

அழகாக வைப்பது எப்படி என்று கேட்பீர்கள். என் கருத்து எளியது. முப்பது வாடிய தொட்டிகளைவிட மூன்று செழித்த தொட்டிகள் வீட்டுக்கு அழகு. செடிக்கு ஏற்ற இடத்தை முதலில் பாருங்கள். அதற்கேற்ப உங்கள் நாற்காலியை நகர்த்துங்கள். ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் ஒரு மரப்பலகை, உட்கார்ந்தால் கண் மட்டத்தில் இலை தெரிகிற உயரம். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர் இருந்தால் இலையின் வடிவம் எடுப்பாகத் தெரியும். மணிபிளான்டைத் தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். நார் சுற்றிய கம்பில் ஏறவிட்டால் பெருக்கும். இலையில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். பளபளக்கப் பாலோ தேங்காய் எண்ணெயோ தடவ வேண்டாம், அது தூசியைத்தான் பிடித்து வைக்கும். ஜன்னலைத் திறக்க முடியாதபடி தொட்டிகளை அடுக்காதீர்கள். பால்கனிச் சுவரின் மேல் ஒரு தொட்டியும் இருக்கக் கூடாது. கீழே மனிதர் நடக்கிறார்கள்.

அலுவலகங்களுக்குச் செடி வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வைத்த செடியை ஓரிரு வாரத்தில் எடுத்துப் போய் நர்சரி நிழலில் தேற்றிவிட்டு, வேறொன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். நாமும் செய்யலாம். ஆறு தொட்டி இருந்தால் இரண்டு கூடத்தில், நான்கு பால்கனி நிழலில். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். இருட்டிலிருந்து நேராக வெயிலுக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள், இலை வெந்துவிடும். எந்த மருந்தும் இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடாகாது என்பது என் அனுபவம்.

“காற்றையும் சுத்தம் செய்யாது, இத்தனை வேலையும் வைக்கும். பிறகு எதற்கு டீச்சர் செடி?” என்று முன் வரிசையில் ஓர் அம்மா முகம் கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்வி.

1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த 46 பேரின் பதிவேடுகள். பாதிப் பேரின் ஜன்னலில் மரம் தெரிந்தது. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள்; கடுமையான வலிமருந்தும் குறைவாகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1976-இல் கனெக்டிகட் மாநிலத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இருவர் செய்த ஆய்வும் உண்டு. ஒரு பிரிவு முதியோரிடம், “இந்தச் செடி உங்களுடையது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். மறு பிரிவிடம், “செவிலியர் பார்த்துக்கொள்வார்கள்” என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் பிரிவினர் சுறுசுறுப்பிலும் கலகலப்பிலும் முந்தினார்கள். செடியோடு வேறு சில முடிவுகளையும் எடுக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருமை முழுவதும் செடிக்கு அல்ல. ஆனால் இரண்டு பிரிவிலும் செடி இருந்தது. செடியைப் பொறுத்தவரை வேறுபாடு, யார் தண்ணீர் ஊற்றினார் என்பதில் இருந்தது.

ஆகவே உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் ஒரு தொட்டியை அவர்கள் பொறுப்பில் விடுங்கள். வேலைக்கு வரும் அம்மாவிடம் அதற்கும் தண்ணீர் ஊற்றச் சொல்லாதீர்கள்.

வாசலில் உள்ள மேசைமேல் ஈரச் செய்தித்தாளில் சுற்றிய மணிபிளான்ட் துண்டுகளை வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கணு இருக்கிறது. கணு நீருக்குள் இருந்தால்தான் வேர் விடும். திருடி வைத்தால்தான் மணிபிளான்ட் தழைக்கும் என்பார்கள். திருட வேண்டாம், கேட்டே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கொடியின் சொந்த ஊர் பசிபிக் கடலில் தாஹிட்டிக்குப் பக்கத்திலுள்ள மோரேயா தீவு. பூக்கத் தூண்டும் ஜிபரெல்லின் ஹார்மோன் இதன் உடம்பில் சரியாகச் சுரப்பதில்லை. அதனால் இது பூப்பதே அரிது. வீடுகளில் யாரும் இதை விதை போட்டு முளைக்க வைப்பதில்லை. யாரோ ஒருவர் ஒடித்துக் கொடுத்ததை இன்னொருவர் நட்டு வளர்த்துத்தான் இது இத்தனை தூரம் வந்திருக்கிறது. போகும்போது ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை அறைக்குச் செடி கேட்ட தம்பி, நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்; குழந்தைக்கு எட்டாத உயரத்தில், ஜன்னலோரமாக வையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.